குறட்டை நின்றால் பயப்படுங்கள்

தூங்குகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரியும். போன வாரம் உங்கள் கம்பெனி முதலுதவி அறைக்கு வந்திருந்தேன். அங்கே புதிதாக நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் ஆயாம்மா என்று கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலி போட்டார்கள், காபி கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என் காலத்தில் அந்த மாதிரி அறையில் எனக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. அப்படிப் பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது, உள்ளே கட்டிலில் படுத்திருந்த ஒரு ஆள் குறட்டை விட்டான். உங்களில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். ஒருத்தி அவனைப் போலவே குறட்டை விட்டுக் காட்டினாள். காபியைப் பாதியில் வைத்துவிட்டேன்.

விருந்துக்குப் போன இடத்தில் திட்டுவது மரியாதை இல்லை என்று எழுந்து வந்துவிட்டேன். இப்போது திட்டுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். "இவ்ளோ கோவமாவா எழுதணும்?" என்கிறாள். அப்படியே எழுது என்றேன்.

ஓசூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலத்தில் நான் ஒரு கம்பெனி முதலுதவி அறையில் ஆயாவாகச் சேர்ந்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பஞ்சு வெட்டுவது, விரிப்பு மாற்றுவது, ஊசி கொதிக்க வைப்பது, ரத்தம் துடைப்பது என் வேலை. தெலுங்குக்காரன் வருவான், கன்னடக்காரன் வருவான், மதுரைக்காரன் வருவான். விரல் நசுங்கினால் எல்லோரும் ஒரே பாஷையில்தான் கத்துவார்கள். நான் அவர்களோடு கத்திக் கத்தியே மூன்று பாஷையையும் கற்றுக்கொண்டேன். என் மாமியார்கூட, "வேலைக்குப் போனதுல உனுக்கு வாய்தான் வளந்துது" என்பாள். அவள் கதை வேறு கதை, விடுங்கள்.

அங்கே ஒரு சிஸ்டர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நாகர்கோவில் பக்கம். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் வார்டில் இருந்துவிட்டு வந்தவர். அவர் அன்பாகப் பேசினாலும் அடிக்க வருவது போலத்தான் இருக்கும். நான் கற்ற எதையும் அவரிடம்தான் கற்றேன், முக்கால்வாசி திட்டு வாங்கி.

திம்மராயன் கம்பெனி பஸ் டிரைவர். காவேரிப்பட்டினத்தில் வீடு. அங்கிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி, சூளகிரி வழியாக ஷிஃப்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். ஷிஃப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவார். நடுவில் டிரைவர்களுக்கு ஒரு ஷெட் உண்டு, அங்கே படுத்துக்கொள்ளலாம். காளை மாட்டுக் கழுத்து அவருக்கு. சட்டையின் மேல் பட்டனைப் போட்டதே கிடையாது, போடவும் முடியாது. நல்ல மனுஷன். ஆனால் அவர் படுத்தால் ஷெட்டின் தகரம் அதிரும் என்று மற்ற டிரைவர்கள் அவரை விரட்டிவிட்டார்கள். அவர் போய்த் தன் பஸ்ஸிலேயே கடைசி சீட்டில் படுத்துக்கொள்வார். போகிற வருகிறவன் எல்லாம் பஸ்ஸைத் தட்டி, "இன்னாப்பா, ஆள் இல்லாமயே வண்டி ஸ்டார்ட் ஆயிட்ச்சா?" என்பான். கேன்டீனில் அவரைப் போலக் குறட்டை விட்டுக் காட்டுவதற்கென்றே ஒருத்தன் இருந்தான். ஆயிரம் பேர் வேலை பார்க்கிற இடத்தில் ஒருவனுக்காவது பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தத் தூக்கத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. சத்தத்தைக் கேட்டார்கள், ஆளைப் பார்க்கவில்லை. விரட்டிவிட்டு, தனியாகப் படுக்க வைத்துவிட்டு, சிரித்தார்கள்.

ஒருநாள் காலையில் தலைவலி என்று எங்கள் அறைக்கு வந்தார். மாத்திரை கொடுத்துக் கட்டிலில் படுக்கச் சொன்னோம். தலையணையில் தலை படவில்லை, அதற்குள் குறட்டை. நான் திரைக்கு இந்தப் பக்கம் பஞ்சு வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று சத்தம் நின்றது.

"அப்பாடா, இப்பதான் ஆளு நல்லாத் தூங்கறாரு" என்றேன்.

சிஸ்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார். பின்னாலேயே நானும். திம்மராயனின் நெஞ்சும் வயிறும் தூக்கித் தூக்கிப் போட்டன. மூச்சு மட்டும் இல்லை. சிஸ்டர் என் கையைப் பிடித்து இழுத்து அவர் மூக்குக்குக் கீழே வைத்தார். காற்றே படவில்லை. உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. நான் அலறப் போனேன். அதற்குள், கிணற்றுத் தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுக்கிறவனைப் போல, ஒரு பெரிய மூச்சை இழுத்தார். மறுபடியும் குறட்டை. கண்ணைத் திறக்கவே இல்லை.

"பாத்தியா?" என்றார் சிஸ்டர். "தூங்கும்போ தொண்டைக்குள்ள சதை தளந்து வழிய அடச்சிரும். மூச்சு போகாது. மூளை பயந்து போய் இவன உலுக்கும், வழி தெறக்கும். மறுபடி தூங்குவான், மறுபடி அடைக்கும். விடிய விடிய இந்தக் கூத்துதான். காலம்பற எந்திச்சா தலைவலி வராம என்ன செய்யும்?"

நான் சொல்வதில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். குறட்டை விட்டு, நின்று, பிறகு திணறி மூச்சு இழுக்கிறானா என்று பாருங்கள். சத்தம் நின்றதும் நிம்மதியாக வேலையைப் பார்க்கப் போகாதீர்கள்.

எழுப்பிவிட்டு சிஸ்டர் கேள்வி கேட்டார். காலையில் வாய் காய்ந்து போகிறதா? ராத்திரி அடிக்கடி ஒன்றுக்குப் போக எழுகிறாயா? வண்டி நிற்கிற இடத்தில் கண் சொக்குகிறதா? முதலில் சிரித்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஆபீசருங்கள ஏத்திகினு பெங்களூரு போறப்ப, ஜூஜுவாடி செக்போஸ்ட்ல லைன்ல நிப்போம் இல்ல சிஸ்டர்? பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிச்சாத்தான் எனுக்கு நெனப்பே வரும். ராத்திரி தூக்கம் பத்தலியோன்னு மெடிக்கல்ல தூக்க மாத்திர வாங்கிப் போட்டுக்கறேன். கொஞ்சம் பிராந்தியும்."

"கொண்டா அந்த மாத்திரைய" என்று வாங்கி, ரத்தப் பஞ்சு போடுகிற வாளியில் வீசினார் சிஸ்டர். "தளந்து கெடக்குற தொண்டைய இன்னும் தளத்துததுக்கு மருந்தா? பிராந்தியும் அப்படித்தான். தொட்டன்னா நானே உன்னக் கொன்னுருவேன். நல்லாப் பாத்து வைத்தியம் ஆகுற வரைக்கும் நீ ஸ்டியரிங்கத் தொடப்பிடாது."

"அதெல்லாம் வெளிய சொல்லாதீங்க சிஸ்டர். டிரைவரு தூங்கறான்னு தெரிஞ்சா பொழப்பு பூடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சிஸ்டர் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை வருகிற டாக்டரையும் வைத்துக்கொண்டு, ஆட்களைச் சேர்க்கிற நீக்குகிற பெர்சனல் ஆபீசரிடம் நேராகச் சொன்னார். டீ டம்ளர் எடுக்கப் போனவள் நான், காதால் கேட்டேன். ஆபீசர் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார்.

"குறட்டை விடாதவங்க யாரு சிஸ்டர்? எங்க மாமனார் விடற குறட்டைக்குத் தெருவே முழிச்சிக்கும். எண்பது வயசு, ஜம்முனு இருக்கார்."

"உங்க மாமனார் பஸ் ஓட்டுதாரா சார்?"

ஆபீசருக்கு முகம் கறுத்துவிட்டது. டிரைவர் கிடைக்காத நேரத்தில் குறட்டைக்கெல்லாம் ஆளை மாற்ற முடியாது என்றார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெங்களூருக்கு அனுப்பிப் பார்க்கலாம், அப்புறம் பேசலாம் என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. சிஸ்டர் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். திரும்பத் திரும்ப அதே சிரிப்பு. நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன், எனக்கு மிச்சம் இருப்பதே நாலு பல்.

வெயில் காலத்து மத்தியானம், முதல் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன பஸ் சூளகிரி தாண்டி ரோட்டை விட்டு இறங்கியது. பிரேக் போட்ட தடமே இல்லை. தக்காளித் தோட்டத்துக்குள் ஓடி, கிணறு வெட்டிப் போட்டிருந்த மண்மேட்டில் முட்டி நின்றது. இன்னும் பத்தடி போயிருந்தால் கிணறு. பஸ் நிறைய ஆட்கள், பெரும்பாலும் கல்யாணமாகாத பிள்ளைகள். ஒருத்தனுக்குக் கை முறிந்தது, ஒரு பெண்ணுக்கு முன்பல் போனது. திம்மராயனுக்கு நெற்றியில் தையல். கம்பெனி வேனில் எல்லோரையும் எங்களிடம்தான் முதலில் கொண்டுவந்தார்கள். அவர் அந்தப் பல் போன பெண்ணைப் பார்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஆபீசர் சஸ்பெண்ட் செய்தார். விசாரணை வைத்தார்கள். குடி என்று முடிவானால் வேலை போகும், எந்தக் கம்பெனியிலும் சேர்க்க மாட்டார்கள். யூனியன் தலைவர் சம்பங்கி விடுவாரா? அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எருமை குறுக்கே வந்தது, ஆட்களைக் காப்பாற்ற டிரைவர் வண்டியைத் திருப்பினார். பஸ்ஸில் வந்த நாலு பேருக்கு அந்த எருமையைப் பற்றிப் பாடம் சொல்லிக் கொடுத்து சாட்சிக்குத் தயார் செய்துவிட்டார். நல்ல எண்ணம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எருமை ஜெயித்தால் என்ன ஆகும்? திம்மராயன் மறுவாரம் அதே பஸ்ஸில், அதே ஸ்டியரிங்குக்குப் பின்னால். அதை யாரும் யோசிக்கவில்லை. ஒரு பக்கம் பொய்க்குக் குடி, இன்னொரு பக்கம் பொய்க்கு எருமை. நடுவில் ஒரு மனுஷன் மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தான்.

விசாரணைக்கு முந்தின நாள் அவர் பெண்டாட்டி ராஜம்மா பஸ் ஏறி என் வீட்டைத் தேடி வந்தாள். ஒல்லி உடம்பு, இடுப்பில் குழந்தை. வாசல்படியில் உட்கார்ந்து, "அவரு குடிக்கலன்னு சிஸ்டரம்மாவ நாலு வார்த்த நல்லதாச் சொல்லச் சொல்லுக்கா" என்றாள்.

"அத நீ சொல்லாமயே அவுங்க சொல்வாங்கோ. நீ எனுக்கு ஒண்ணு சொல்லு. ஊட்ல எப்படித் தூங்கறாரு?"

அவ்வளவுதான் கேட்டேன். பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"கல்யாணம் ஆன நாளா நான் தூங்கலக்கா. மூச்சு நின்னு பூடும். முழங்கையால விலாவுல குத்துவேன், அப்புறம்தான் வரும். குத்திக் குத்தி முழங்கையே காச்சிப் போச்சு, பாரு. எங்க மாமியா பாத்துட்டு, 'எம்புள்ள உழைச்சிட்டு வந்து தூங்கறான், ஒரு குறட்டயப் பொறுத்துக்க முடியாத மகாராணியா நீ'ன்னு என்ன சமையக்கட்டுல படுக்கச் சொல்லிட்டாங்கோ. இப்ப யாரு குத்தறது? நான் கதவாண்ட காத வெச்சிகினு கெடக்கறேன். சத்தம் நின்னா எந்திரிச்சி ஓடறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மாமியார் அன்றைக்குக் கையில் கிடைத்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. இவளை யார் கேட்டார்கள்? புருஷன் படுக்கையைப் பற்றிப் பெண்டாட்டி வாய் திறந்தால் மானக்கேடு. அவன் செத்தால் மட்டும் மானம் நிற்குமா? நோயாளியிடம், "நல்லாத் தூங்கறியா?" என்று கேட்டால், "ரொம்ப நல்லா" என்றுதான் சொல்வான். அவனுக்கு என்ன தெரியும், தூங்கிக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் படுக்கிறவர்களைக் கேளுங்கள்.

"எருமைன்னு சொன்னா வேல கீதுன்றாங்கோ" என்றாள் ராஜம்மா. "வேல இருக்கும். ஆளு இருக்குமா? அந்தப் பஸ்ல எங்க ஊருப் புள்ளைங்கதான வருது? எங்க சின்னம்மா மகன் வரான். நான் இன்னாக்கா பண்ணட்டும்?"

பொய் சொல்லு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லு என்று சொல்லவும் வரவில்லை. சோறு போகிறது அவளுடையது, என்னுடையது இல்லை. "நாளைக்கி கேட்டாண்ட வா. உள்ள போறதுக்கு வழி நான் பண்றேன். பேசறதும் பேசாததும் உன் இஷ்டம்" என்றேன்.

மறுநாள் கேட்டில் கன்னடக்கார வாட்ச்மேன், "ஆகல்லம்மா, ஆகல்ல" என்று கையை விரித்தான். நான் ராஜம்மாவின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினேன். புத்திசாலி, உடனே என் மேல் சாய்ந்துவிட்டாள். "ஐயோ, தலசுத்து! முதலுதவிக்குக் கூட்டிகினு போறேன், வழிய விடுய்யா" என்று கத்தினேன். அவனே ஒரு பக்கம் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான், பாவம்.

கேன்டீனுக்குப் பின்னால் இருந்த ஹாலில் விசாரணை. கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வக்கீலை விசாரிக்க வைத்திருந்தார்கள். நாங்கள் கதவோரம் போய் நின்றபோது எருமைதான் ஓடிக்கொண்டிருந்தது.

"எருமை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?"

"வலப்பக்கம் சார்" என்றான் சாட்சி.

"முன்னே வந்தவர் இடப்பக்கம் என்றாரே?"

"ரெண்டு எருமை சார்" என்றார் சம்பங்கி, இருந்த இடத்திலிருந்தே. எல்லோரும் சிரித்தார்கள். திம்மராயன் மட்டும் நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்து சிஸ்டர். குடித்த வாசனை இல்லை என்று பளிச்சென்று சொன்னார். "அப்ப எருமைதான்!" என்று சம்பங்கி மேஜையைத் தட்டினார். சிஸ்டர் மேலே பேச வாயெடுத்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று ஆபீசர் தடுத்தார். அவருக்குத் தெரியும் சிஸ்டர் எதைச் சொல்வார் என்று.

அப்போது ராஜம்மா குழந்தையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"எருமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு தூங்கிட்டாரு."

"ஏய், வாய மூடிகினு போடி!" என்று திம்மராயன் எழுந்தே விட்டார்.

"மூடிகினுதான் இருந்தேன். தூங்கறப்ப இவருக்கு மூச்சு நின்னு பூடுது சாமி. ராத்திரி தூக்கமே இல்ல, பகல்ல தானாக் கண்ணு சொருகுது. இவரு கைல பஸ்ஸக் குடுக்காதீங்கோ. வேற இன்னா வேல வேணா குடுங்கோ. குப்ப அள்ளச் சொல்லுங்கோ."

ஹாலே கொதித்தது. "புருஷன் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேம்மா!" என்று சம்பங்கி தலையைப் பிடித்துக்கொண்டார். ஆபீசருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அவன் பெண்டாட்டியே ஒப்புக்கொண்டாள், ட்யூட்டியில் தூங்கினான், டிஸ்மிஸ் என்றார்.

சிஸ்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரைப் பார்த்தார். "டாக்டர், இது நோயின்னும், வண்டி குடுக்கப்பிடாதுன்னும் நான் உங்க முன்னாலதான் சொன்னேன். சொன்னேனா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அந்தக் கம்பெனிச் சம்பளம்தான். நான் மனசுக்குள் அவரை என்னென்னவோ திட்டிக்கொண்டிருந்தேன், தெலுங்கில்.

"சொன்னாங்க" என்றார் கடைசியில். "ஒரு தடவை இல்ல, பல தடவை. நாங்கதான் கேக்கல."

அதற்கப்புறம் டிஸ்மிஸ் என்ற பேச்சை வக்கீல் எடுக்க விடவில்லை. நோய் என்று தெரிந்தும் வண்டி ஓட்டச் சொன்னது கம்பெனி அல்லவா? உள்ளே உட்கார்ந்து பேசினார்கள். திம்மராயனுக்கு ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. டிரைவர் படி போயிற்று, காக்கிச் சட்டை போயிற்று. ஆபீசருக்கு ஒன்றும் போகவில்லை. அந்த ஸ்டோர் வேலையைத் தான் கருணையோடு கொடுத்ததாக அவர் மேடையில் பேசியதை நான் கேட்டேன். கருணையாம்! அந்தப் பெண்ணுக்குப் போன பல்லை அந்தக் கருணையில் கட்டிக் கொடுத்தாரா?

சிஸ்டர் திம்மராயனை விடாமல் துரத்தினார். பிராந்தியை நிறுத்த வைத்தார். ராத்திரிச் சோற்றைக் குறைத்து ராகிக் களியாக ஒரே ஓர் உருண்டை என்று சட்டம் போட்டார். மல்லாந்து படுத்தால்தான் நாக்கும் சதையும் பின்னால் சரிந்து அதிகம் அடைக்கும் என்று, பனியனின் முதுகில் ஒரு பை தைத்து ரப்பர் பந்தை வைக்கச் சொன்னார். புரண்டால் பந்து உறுத்தும், தானாக ஒருக்களித்துவிடுவார். பெங்களூருக்குத் தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். மூக்கில் முகமூடி மாதிரி மாட்டிக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கிற மிஷின் உண்டு என்றார்கள். அப்போது அது எங்கள் கைக்கு எட்டுகிற சாமான் இல்லை. அது கிடைக்கிற வரைக்கும் இதுதான் வைத்தியம் என்று பந்தையும் களியையும் வைத்தே ஓட்டினார். இவை எல்லோருக்கும் போதாது, சிலருக்கு மிஷின் இல்லாமல் முடியாது. அதனால் பந்தைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். டாக்டரிடம் அனுப்புங்கள், அனுப்பியபின் போனானா என்று கேளுங்கள், கேட்டபின் இன்னொரு தடவை கேளுங்கள்.

சில மாதம் கழித்து காவேரிப்பட்டினம் சந்தையில் ராஜம்மாவைப் பார்த்தேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஆனால் நாலு பேர் நடுவில் மானத்தை வாங்கிவிட்டாள் என்று திம்மராயன் அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை, சோறு வேண்டும் என்பதைக்கூடத் தன் அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தாங்கவில்லை.

"அந்த ஆளுக்கு உசுரக் குடுத்தவ நீ. உன்னாண்ட பேசறதுக்கு அவனுக்கு இன்னாவாம்? நான் வந்து நாலு கேக்கட்டுமா?"

ராஜம்மா ஒரு கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துக் கூடையில் போட்டாள்.

"உடுக்கா. பேசாட்டிப் போறாரு. மூச்சு உடறாரு, நானும் தூங்கறேன்" என்றாள்.